மிஞ்சியது கியர்பாக்ஸ் கூடு: ஒரு பெண்ட்லி காரின் நூதன வழக்கு

1990ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இங்கிலாந்தில் ஒரு பழைய காருக்கு விலை பேசி முடித்தார்கள். விலை 10 மில்லியன் பவுண்டு. அன்றைய நாணய மாற்றில் நம் பணத்துக்கு 40 மில்லியன் வெள்ளிக்கு மேல். விற்றவருக்கும் மகிழ்ச்சி, வாங்கியவருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சில வாரங்களுக்குள் வாங்கிய நிறுவனம் பின்வாங்கியது. "நீங்கள் சொன்ன கார் இதுவல்ல. லெ மானில் வென்ற கார் என்று சொல்லி விற்றீர்கள். அந்தக் காரின் இரும்பு இதில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்பது அவர்கள் வாதம்.

நியாயமான கேள்விதானே என்று தோன்றும். ஆனால் விற்றவர் அசரவில்லை. நேரே லண்டன் உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். சட்டப் படிப்பு மாணவர்களும் தத்துவம் படிப்பவர்களும் பழைய கார் பித்தர்களும் இன்றுவரை எடுத்துப் பேசும் 'ஹப்பர்ட் எதிர் மிடில்பிரிட்ஜ் சிமிட்டார்' வழக்கு பிறந்த கதை இது.

வழக்கில் சிக்கிய காரின் பெயர் 'ஓல்ட் நம்பர் ஒன்'. பெண்ட்லி நிறுவனம் தயாரித்த 'ஸ்பீட் சிக்ஸ்' வகை. உலகிலேயே கடினமான பந்தயம் என்று பெயர் பெற்ற பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை 1929, 1930 என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் வென்ற கார். ஒரே கார் இருமுறை வென்றது அதுவே முதல் தடவை.

ஒரே கார் என்று எழுதிவிட்டேன். அந்தச் சொல்லில்தான் வம்பே இருக்கிறது.

வைரச் சுரங்கத்து வாரிசு

காரின் கதையைச் சொல்ல வேண்டுமானால் முதலில் வூல்ஃப் பர்னாட்டோவின் கதையைச் சொல்ல வேண்டும். அவர் தந்தை பார்னி பர்னாட்டோ, லண்டனின் ஏழைக் குடியிருப்பில் பிறந்து, தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் பெரும் பணம் குவித்தவர். 1897இல் இங்கிலாந்துக்குத் திரும்பும் வழியில் கப்பலிலிருந்து கடலில் விழுந்து இறந்தார். விழுந்தாரா, குதித்தாரா என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அப்போது மகன் வூல்ஃபுக்கு 2 வயதுகூட நிறையவில்லை. வளர்ந்து ஆளானபோது கையில் மலையளவு சொத்து.

இன்னொரு பக்கம் டபிள்யூ. ஓ. பெண்ட்லி. 1919இல் தம் பெயரில் கார் நிறுவனம் தொடங்கியவர். ரயில் எஞ்சின் பட்டறையில் தொழில் கற்றவர் என்பதாலோ என்னவோ, அவர் செய்த கார்களும் ரயில் எஞ்சின் மாதிரியே கனமாகவும் உறுதியாகவும் இருந்தன. உலகின் மிக வேகமான லாரிகள் என்று எட்டோரே புகாட்டி கிண்டல் செய்ததாகச் சொல்வார்கள். லாரி என்றாலும் தோற்காத லாரி. 1924இல் ஒருமுறை, 1927இல் மறுமுறை லெ மானில் வெற்றி. ஆனால் பெண்ட்லிக்குக் கார் செய்யத் தெரிந்த அளவுக்குக் கணக்கு வழக்குப் பார்க்கத் தெரியவில்லை. நிறுவனம் எப்போதும் கடனில் தத்தளித்தது.

1926இல் பர்னாட்டோ பணம் போட்டு நிறுவனத்தைக் கைக்கொண்டார், தலைவரும் ஆனார். பணம் போட்டவர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. தம் நிறுவனத்துக் காரில் தாமே ஏறி ஓட்டினார். முதலாளி வீட்டுப் பிள்ளையின் விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். லெ மானில் அவர் கலந்துகொண்டது 3 முறை. 1928, 1929, 1930 ஆகிய மூன்றிலும் முதலிடம். கலந்துகொண்ட ஒவ்வொரு முறையும் வென்று, மூன்று வெற்றிகளோடு நிறுத்திக்கொண்ட ஓட்டுநர் அந்தப் பந்தயத்தின் சரித்திரத்தில் வேறு யாரும் இல்லை.

அவரைச் சுற்றி ஒரு பட்டாளம் இருந்தது. 'பெண்ட்லி பாய்ஸ்' என்று பத்திரிகைகள் அழைத்தன. பணக்கார வீட்டுப் பையன்கள், கடற்படை அதிகாரி, மருத்துவர், பத்திரிகையாளர் என்று கலவையான கூட்டம். முதல் உலகப் போரின் காலத்து இளைஞர்கள் பலர். இரவில் விருந்து, பகலில் பந்தயம். மரணத்தை இவ்வளவு அலட்சியமாக எடுத்துக்கொண்ட கூட்டத்தைப் பிறகு பார்ப்பது அரிது. அந்த அலட்சியத்துக்கு அவர்கள் கொடுத்த விலையும் அதிகம்.

முதல் எண் ஒட்டிய கார்

ஸ்பீட் சிக்ஸ் 6 சிலிண்டர், ஆறரை லிட்டர் எஞ்சின் கொண்டது. 1929 ஜூன் மாதம் லெ மானுக்குப் போன அணியில் ஸ்பீட் சிக்ஸ் ஒன்றே ஒன்றுதான். மற்றவை நாலரை லிட்டர் கார்கள். அந்த ஒற்றைக் காரின் பதிவு எண் எம்டி 3464. பந்தயத்துக்காக அதன் மேல் ஒட்டப்பட்ட எண் 1. 'ஓல்ட் நம்பர் ஒன்' என்ற செல்லப்பெயர் வந்தது அதனால்தான்.

பர்னாட்டோவும் டிம் பிர்கினும் மாறி மாறி ஓட்டினார்கள். தொடக்கம் முதல் முடிவுவரை அந்தக் காரை முந்த ஆளில்லை. பின்னால் வந்த மற்ற மூன்று பெண்ட்லிகளும் 2, 3, 4ஆம் இடங்களைப் பிடித்தன. முதல் நான்கு இடமும் ஒரே நிறுவனத்துக்கு. முன்னிலை அவ்வளவு அதிகமாகிவிட்டதால், காரைப் பாழாக்க வேண்டாம், மெதுவாகப் போங்கள் என்று பெண்ட்லி சமிக்ஞை காட்டிக்கொண்டே இருந்தாராம். இதற்கு மேலும் மெதுவாகப் போக வேண்டுமானால் இறங்கித் தள்ளட்டுமா என்று ஓட்டுநர் ஜாக் டன்ஃபீ எரிந்து விழுந்தார் என்று ஒரு கதை உண்டு. 24 மணி நேரத்தில் வென்ற கார் ஓடிய தூரம் 2,843 கிலோமீட்டர். தீபகற்பத்தின் நீளத்தோடு ஒப்பிட்டால், ஜொகூர் பாருவிலிருந்து பெர்லிஸ்வரை போய், திரும்பி வந்து, மறுபடியும் பெர்லிஸ் போனாலும் இன்னும் பாதை மிஞ்சும். அதுவும் 1929ஆம் ஆண்டின் சாலையில், 1929ஆம் ஆண்டின் பிரேக்கை வைத்துக்கொண்டு.

அடுத்த ஆண்டு இவ்வளவு சுலபமாக இல்லை. ஜெர்மனியிலிருந்து மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்எஸ்கே கார் ஒன்று வந்தது. ஓட்டியவர் ருடோல்ஃப் கராச்சியோலா. அந்தக் காலத்தின் தலைசிறந்த ஓட்டுநர்களில் ஒருவர். அந்தக் காரில் சூப்பர்சார்ஜர் இருந்தது. ஆக்சலரேட்டரை முழுக்க மிதித்தால் மட்டுமே வேலை செய்யும். வேலை செய்யும்போது எழும் அலறல் பல மைல் கேட்குமாம். ஆனால் அதை நீண்ட நேரம் உபயோகித்தால் எஞ்சின் தாங்காது.

பெண்ட்லி அணியின் திட்டம் எளிமையானது: கராச்சியோலா அந்த மிதியிலிருந்து காலை எடுக்க முடியாதபடி துரத்திக்கொண்டே இருப்பது. முதலில் பிர்கின் பாய்ந்தார். தம்முடைய சூப்பர்சார்ஜர் பொருத்திய பெண்ட்லியில், டயரின் மேல்தோல் பிய்ந்து பறக்கப் பறக்க மெர்சிடிஸை முந்தினார். அப்புறம் பர்னாட்டோவும் கிளென் கிட்ஸ்டனும் 'ஓல்ட் நம்பர் ஒன்'னில் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். இரவு முழுக்க முன்னிலை கை மாறிக்கொண்டே இருந்தது. விடிவதற்கு முன்பே மெர்சிடிஸ் ஓய்ந்தது. பேட்டரி சார்ஜ் இறங்கிவிட்டது, விளக்கு எரியவில்லை என்பது வெளியே சொல்லப்பட்ட காரணம். அது மட்டும்தானா என்று பெண்ட்லி தரப்பில் சந்தேகப்பட்டவர்கள் உண்டு.

வெற்றி பெற்ற கார் ஓடியது சுமார் 2,930 கிலோமீட்டர். இம்முறை அதன் மேல் இருந்த எண் 4. ஆனால் பெயர் பெயர்தான். இரண்டாம் இடமும் இன்னொரு ஸ்பீட் சிக்ஸுக்கே போனது. மூன்றாவது ஸ்பீட் சிக்ஸ் பந்தயத்தின் நடுவே மணல் மேட்டில் மாட்டிக்கொண்டு வெளியேறியது. அப்போது அதன் ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தவர் ஜாக் டன்ஃபீயின் தம்பி கிளைவ். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

கம்பெனி போனது, கார் இருந்தது

1930 வெற்றியோடு பெண்ட்லி நிறுவனம் பந்தயங்களிலிருந்து விலகுவதாக அறிவித்தது. காரணம் பணம். அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்து உலகமே மந்தநிலையில் இருந்த சமயம். நம் பக்கத்தில் ரப்பர் விலை விழுந்து, தோட்டத்துச் சனங்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றப்பட்ட அதே காலம். அப்படிப்பட்ட நேரத்தில் பெண்ட்லி நிறுவனம் 8 லிட்டர் எஞ்சின் கொண்ட பிரம்மாண்டமான ஆடம்பரக் காரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 100 கார்களே செய்ய முடிந்தது. அது போதாதென்று 4 லிட்டர் எஞ்சினில் இன்னொன்று. அதில் 50. 1931 ஜூலையில் பர்னாட்டோவே கையை விரித்துவிட்டார். நிறுவனம் கடன்காரர்கள் கைக்குப் போய், அந்த ஆண்டு நவம்பரில் பரம எதிரியான ரோல்ஸ்-ராய்ஸிடம் விலைபோனது.

நிறுவனத்தைக் கைவிட்ட பர்னாட்டோ காரைக் கைவிடவில்லை. 1931 அக்டோபரில், பெண்ட்லி நிறுவனம் ஏலத்துக்குக் காத்திருந்த நாட்களில், லண்டனுக்கு வெளியே புரூக்லேண்ட்ஸ் பந்தயத்திடலில் நடந்த 500 மைல் பந்தயத்தில் ஜாக் டன்ஃபீயும் சிரில் பாலும் அவருடைய 'ஓல்ட் நம்பர் ஒன்'னை ஓட்டி வென்றார்கள். சராசரி வேகம் மணிக்கு 118 மைல். ஏறக்குறைய 190 கிலோமீட்டர். பெற்ற தாய் மரணப் படுக்கையில் இருக்கும்போது பிள்ளை பரிசு வாங்கி வந்த மாதிரி.

புரூக்லேண்ட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 1907இல் கட்டப்பட்ட சிமெண்டுத் திடல். வளைவுகளில் பாதை ஒரு பக்கமாகச் சாய்ந்து சுவர்போல் எழும்பும். உச்சி கிட்டத்தட்ட 30 அடி உயரம். வேகம் கூடக் கூடக் கார் மேலே மேலே ஏறிப் போகும். உச்சியில் தடுப்பு கிடையாது. அந்தப் பக்கம் மரங்கள்.

1932 செப்டம்பர் 24. அதே 500 மைல் பந்தயம். காருக்குள் இப்போது 8 லிட்டர் எஞ்சின். அடிச்சட்டமும் 4 லிட்டர் பெண்ட்லிக்கு உரியது. முதலில் ஜாக் ஓட்டினார். பிறகு தம்பி கிளைவ் ஏறினார். சிறிய கார்களை முந்துவதற்காக வளைவின் மேற்பகுதிக்குப் போனபோது சக்கரம் விளிம்பைத் தாண்டியது. கிளைவ் தூக்கியெறியப்பட்டு அங்கேயே இறந்தார். கார் உச்சியைக் கடந்து மரங்களுக்கிடையே விழுந்தது. நடிகை ஜேன் பாக்ஸ்டரை அவர் மணந்து 2 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

'பெண்ட்லி பாய்ஸ்' கூட்டமும் அதற்குள் கலைய ஆரம்பித்திருந்தது. 1930 லெ மானில் பர்னாட்டோவோடு வென்ற கிட்ஸ்டன், 1929இல் ஒரு விமான விபத்தில் தப்பிப் பிழைத்தவர். 1931இல் தென்னாப்பிரிக்க மலையில் இன்னொரு விமானம் விழுந்தபோது தப்பவில்லை. 1929 லெ மானில் வென்ற பிர்கின், 1933இல் திரிப்போலி பந்தயத்துக்குப் பிறகு நோயுற்று இறந்தார். எக்ஸாஸ்ட் குழாயில் பட்ட தீக்காயம் சீழ்பிடித்ததே காரணம் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. பர்னாட்டோ மட்டும் 1948வரை இருந்தார்.

கழற்றிக் கழற்றிப் பூட்டியது

விபத்துக்குப் பிறகு மிஞ்சியதைக் கொண்டு அந்தக் காரை மறுபடி எழுப்பினார்கள். இம்முறை பந்தயத்துக்கு அல்ல, சாலையில் ஓட்டுவதற்கு. கூப்பே உடல் பூட்டி அது ஒரு கனவானின் வாகனமாயிற்று. பல ஆண்டுகள் கழித்து, பழைய கார்களுக்கு மவுசு வந்த காலத்தில், மறுபடியும் லெ மான் காலத்துத் திறந்த உடலின் தோற்றத்துக்கு மாறியது. 1990இல் விலை பேசப்பட்டது இந்தக் கோலத்தில்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காரை யாரோ ஏமாற்றுவதற்காக மாற்றவில்லை. பந்தயக் காரின் பிழைப்பே அப்படி. 24 மணி நேரம் உச்ச வேகத்தில் ஓடிய எஞ்சினை அப்படியே அடுத்த பந்தயத்துக்கு யாரும் அனுப்பமாட்டார்கள். லண்டன் கிரிக்கிள்வுட்டில் இருந்த பெண்ட்லி பட்டறையில் ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் காரை அக்கக்காகப் பிரிப்பார்கள். தேய்ந்ததைத் தூக்கிப் போடுவார்கள், புதியதைப் பூட்டுவார்கள். உடலோ மெல்லிய மரச் சட்டத்தின் மேல் துணி போர்த்தியது. ஒரு சீசன் தாங்கினாலே பெரிய விஷயம். அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும் என்று அன்று ஒருவரும் நினைக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆக, 1990இல் இருந்த காரில் எந்தக் காலத்து உறுப்பு எவ்வளவு? நீதிமன்றத்தில் நிபுணர் ஒருவர் எடுத்து வைத்த கணக்கு இது. 1929இல் லெ மானில் வென்ற காரின் உறுப்பு என்று உறுதியாகச் சொல்ல எதுவும் இல்லை. எந்தக் காலம் என்று தெரியாத சில்லறைச் சாமான்கள் இருந்தால் உண்டு. 1930இல் வென்ற காரிலிருந்து மூன்று: மிதிகள் பூட்டிய தண்டு, கியர்பாக்ஸின் வெளிக்கூடு, ஸ்டீரிங் தண்டு. 1932இல் கிளைவ் டன்ஃபீ இறந்த காரிலிருந்துதான் நிறைய: அடிச்சட்டம், ஸ்பிரிங்குகள், முன் அச்சு, பின் பிரேக்குகள், 8 லிட்டர் எஞ்சின், இன்னும் சில.

கணக்கைக் கேட்டதும் வாங்கியவர்களின் கோபம் புரிகிறது. லெ மான் வெற்றிக்காகப் பணம் கொடுத்தவனுக்குக் கிடைப்பது ஒரு கியர்பாக்ஸ் கூடு.

நம் ஊரில் இந்த வழக்கு வந்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும் என்று நண்பர் ஒருவர் சிரித்தார். கிராண்டை எடுத்துக்கொண்டு புஸ்பாகோம் போய், எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் ஆயிற்று. பார்த்திருந்தால் 'ஓல்ட் நம்பர் ஒன்' அங்கேயே தேறியிருக்காது! ஆனால் இந்த வழக்கில் கேள்வி சாலையில் ஓட அனுமதி பற்றியது அல்ல.

பணத்தின் பின்னணியையும் சொல்லிவிட வேண்டும். அது பழைய கார்களின் விலை பைத்தியம் பிடித்து ஏறிய காலம். 1987இல் லண்டனில் புகாட்டி ரோயால் கார் ஒன்று ஐந்தரை மில்லியன் பவுண்டுக்கு ஏலம் போனது. 1988இல் என்ஸோ ஃபெராரி மறைந்த பிறகு ஃபெராரி கார்களின் விலை மாதத்துக்கு மாதம் எகிறியது. ஜப்பானிலிருந்து பணம் கொட்டியது. மிடில்பிரிட்ஜுக்குப் பின்னாலும் ஜப்பானிய முதலீடு இருந்தது. பிராபம் ஃபார்முலா ஒன் அணியை வாங்கியதும் அதே குழுமம்தான். 1990இன் நடுப்பகுதியில் அந்தக் குமிழி உடையத் தொடங்கியது. காரின் அசல் தன்மை பற்றிய சந்தேகம் அந்த நேரம் பார்த்து ஏன் எழுந்தது என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம். எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு.

நீதிபதி சொன்னது

வழக்கை விசாரித்தவர் நீதிபதி ஓட்டன். தீர்ப்பு அதே ஆண்டு ஜூலையில் வந்தது. கார் நிபுணர்கள் இரு பக்கமும் நின்று ஆணி, மரை, ஸ்பிரிங் என்று பேசியதையெல்லாம் கேட்டுவிட்டு, அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்.

இது 1929இல் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலையில் இருக்கும் அசல் கார் என்று சொல்ல முடியாது. அதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் போலியும் அல்ல. செத்துப்போன ஒன்றைப் பிறகு யாரோ உயிர்ப்பித்ததும் அல்ல. ஏனென்றால் அது எப்போதுமே சாகவில்லை. ஒவ்வொரு மாற்றமும் கொஞ்சம் கொஞ்சமாக, காலப்போக்கில், காரோடு காராகக் கலந்துவிட்டது. எந்தக் கட்டத்திலும் இது 'ஓல்ட் நம்பர் ஒன்' இல்லை என்று யாரும் சொல்லக்கூடிய நிலை வரவில்லை. நான்கு சீசன்கள் இடைவிடாமல் முதல்தரப் பந்தயங்களில் ஓடியிருக்கிறது. இருக்கிற பெண்ட்லிகளிலும் சரி, அழிந்துபோன பெண்ட்லிகளிலும் சரி, அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட வேறொரு கார் கிடையாது. அன்று விற்பனைக்கு வந்தது வெறும் உலோகம் அல்ல, அந்த வரலாறும் கீர்த்தியும் சேர்ந்துதான். தீர்ப்பின் சாரம் இது. வழக்கு விற்றவர் பக்கம் முடிந்தது.

'மெய்யான' என்று சொல்லலாம், 'மூலநிலை மாறாத' என்று சொல்லக்கூடாது. தீர்ப்பில் நுணுக்கம் இந்த இரண்டு சொற்களின் இடைவெளியில் இருக்கிறது. எங்கள் தலைமுறைக்கு இது அவ்வளவு புதிய விஷயமும் அல்ல. தோட்டத்தில் தகரக் கொட்டகையாக இருந்த மாரியம்மன் கோயிலைப் பலகைக் கோயிலாக்கினோம். அப்புறம் சிமெண்டுச் சுவர் எழுப்பினோம். பிறகு தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதியை வரவழைத்துக் கோபுரம் கட்டினோம். 12 ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி, கும்பாபிஷேகம். தாத்தா நட்டுவைத்த கம்பு ஒன்றுகூட இன்று இல்லை. ஆனாலும் 'தாத்தா காலத்துக் கோயில்' என்றுதான் பிள்ளைகளிடம் சொல்கிறோம். யாரும் அதைப் பொய் என்று சொல்வதில்லை. காரணம், இடையில் ஒரு நாளும் விளக்கு அணையவில்லை.

ஆனால் நீதிபதியோடு எனக்கு ஓரிடத்தில் உடன்பாடு இல்லை. கோயிலை யாரும் விற்பதில்லை. 10 மில்லியன் பவுண்டு என்று விலை ஒட்டி விற்கும்போது, பழைய உறுப்பு இன்னது, புதிய உறுப்பு இன்னது என்று பட்டியல் போட்டுக் கையில் கொடுப்பதுதான் மரியாதை. மார்க்கெட்டில் கிலோக் கணக்கில் மீன் வாங்கும்போதே செவுளைத் திறந்து பார்க்கிறோம். வாங்கியவரும் பார்த்திருக்க வேண்டும் என்பீர்கள். அதுவும் சரிதான். இந்த வழக்குக்குப் பிறகு ஏல நிறுவனங்களின் பட்டியல்களில் காரின் எந்த உறுப்பு எப்போது மாறியது என்ற விவரம் பக்கம் பக்கமாக வருவதைப் பார்க்கிறேன். வாங்குகிறவர் படிக்கிறாரோ இல்லையோ.

பெண்ட்லி வீட்டில் இதற்கு நேர் எதிரான கதையும் ஒன்று உண்டு. 1930 மார்ச்சில் பர்னாட்டோ 100 பவுண்டு பந்தயம் கட்டி, தெற்கு பிரான்ஸின் கான் நகரிலிருந்து 'புளூ டிரெய்ன்' ரயிலோடு போட்டி போட்டார். ரயில் கலே துறைமுகத்தை அடைவதற்கு 4 நிமிடம் முன்னதாக அவர் லண்டனில் தம் கிளப்பின் வாசலில் இருந்தார். அந்தப் பயணத்தில் ஓடியது என்று பல்லாண்டுக் காலம் ஒரு அழகான, தாழ்ந்த கூரை கொண்ட கூப்பே காரைக் காட்டிவந்தார்கள். டெரன்ஸ் குனியோ என்ற ஓவியர் அந்தக் கார் ரயிலைத் துரத்துவதாக வரைந்த ஓவியம் பிரபலம். பின்னாளில் ஆவணங்களைப் புரட்டியபோது, அந்தக் கூப்பே பர்னாட்டோவின் கைக்கு வந்ததே பந்தயம் முடிந்து இரண்டு மாதம் கழித்துத்தான் என்று தெரிந்தது. உண்மையில் ஓடியது சாதாரணமாகத் தோற்றமளித்த இன்னொரு ஸ்பீட் சிக்ஸ் சலூன். கூப்பேயின் இரும்பு பழுதில்லாதது, கதைதான் அதனுடையது அல்ல. 'ஓல்ட் நம்பர் ஒன்'னுக்குக் கதை முழுக்க அதனுடையது, இரும்புதான் இரவல்.

பிற்காலத்தில் பெண்ட்லி நிறுவனமே புதிதாக ஸ்பீட் சிக்ஸ் செய்யத் தொடங்கியது. 1929-30ஆம் ஆண்டு வரைபடங்களைத் தூசி தட்டி எடுத்து, அதே முறையில், அதே ஆறரை லிட்டர் எஞ்சினோடு 12 கார்களுக்குத் திட்டமிட்டு, 2023இல் முதல் காரை ஒப்படைத்தார்கள். 12ம் அறிவித்த கொஞ்ச காலத்தில் விற்றுப்போயின. நிறுவனம் அதே, வரைபடம் அதே. ஆனால் அவற்றில் ஒன்றையும் 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று அழைக்க யாருக்கும் துணிவு இல்லை.

அந்த 12 கார்களுக்கு அளவெடுக்க உதவிய பழைய கார்களில் 'ஓல்ட் நம்பர் த்ரீ'யும் ஒன்று. 1930 லெ மானில் கிளைவ் டன்ஃபீ மணல் மேட்டில் ஏற்றிய அதே கார். அந்தக் கார் இன்னும் சாலையில் ஓடுகிறது.